சின்ன ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே கருவி செய்யப் போகிறீர்களா? முதலில் சுவிட்ச் போர்டைப் பாருங்கள்

மதுரையில் மூன்று பேர் சேர்ந்து, கப்பலூரில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, சின்ன ஆஸ்பத்திரிகள் வாங்கக்கூடிய விலையில் ஒரு எக்ஸ்ரே கருவி செய்ய இறங்கினோம். பதினான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். மூன்று வருஷம் தாண்டியது. அந்தத் தாமதத்தில் எலக்ட்ரானிக்ஸின் பங்கு கொஞ்சம்தான். எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்ற வரிசை தெரியாமல் போனதுதான் எங்களை இழுத்தடித்தது. எந்த அலுவலகத்திலும் அந்த வரிசையை ஒரே தாளில் எழுதித் தர மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

ஸ்கேன் கருவி, விழித்திரைக் கேமரா என்று வேறு எதையாவது செய்ய நினைப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். கட்டணங்கள் மாறக்கூடியவை; பணம் கட்டும் அன்று தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பத்து நாள் எக்ஸ்ரே அறை வாசலில் உட்காருங்கள்

டாக்டரிடம் பேட்டி எடுக்கச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன். அதுவும் மதுரை டவுனுக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் வேண்டாம். உங்கள் கருவி போகப்போகிற இடம் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் இருக்கிற பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி என்றால் அங்கே போய் உட்காருங்கள்.

அனுமதிக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். நீங்கள் யார், எத்தனை நாள் இருப்பீர்கள், எதை அளப்பீர்கள், நோயாளிகளைப் படம் எடுக்க மாட்டீர்கள், பெயர் குறித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று எழுதுங்கள். தனியார் என்றால் நடத்துகிற டாக்டரின் கையெழுத்து. தாலுகா அரசு மருத்துவமனை என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர் (முன்பு சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர்) அலுவலகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் காத்திருந்து ஒரு வாரத்தைத் தொலைத்தவன் நான்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டேப், ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு இருந்தால் போதும். காலை எட்டு, பகல் இரண்டு, மாலை ஏழு, இரவு பத்து என்று நான்கு வேளையும் எக்ஸ்ரே அறை பிளக்கில் வோல்டேஜ் எடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு என்றும் பாருங்கள். ஏசி ஓடாத நேரத்தில் அறை எத்தனை டிகிரி? கதவு எத்தனை சென்டிமீட்டர்? (எங்கள் முதல் ஸ்டாண்ட் 94 சென்டிமீட்டர் அகலம். கதவு மூன்றடி. ஸ்டாண்ட் வாசலிலேயே நின்றது.) ஒரு நாளைக்கு எத்தனை படம், உடம்பின் எந்தப் பகுதி என்பது அவர்கள் ரிஜிஸ்டரிலேயே இருக்கும். பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குங்கள். எடுத்த படம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். பல இடங்களில் ஃபிலிமை லைட் பாக்ஸில் மாட்டி, அதை செல்போனில் படம் எடுத்து, மதுரையில் இருக்கிற டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். உங்கள் சாஃப்ட்வேர் போட்டி போடவேண்டியது அந்த வேகத்தோடுதான்.

எனக்குப் பத்து நாளில் கிடைத்த மிகப் பெரிய பாடம் ஒரு டெக்னீசியன் அக்கா சொன்ன ஒற்றை வரி. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இந்த மெஷினத் தொட மாட்டோம் தம்பி. தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓட ஆரம்பிச்சுட்டா கரண்டு இழுக்காது." அன்று மாலை ஏழு மணிக்கு மீட்டர் 178 வோல்ட் காட்டியது. சுவரோரம் இருந்த ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. கப்பலூர் ஷெட்டில் எங்களுக்கு த்ரீ ஃபேஸ் லைன், சுத்தமான 230. நாங்கள் வரைந்து வைத்திருந்த சர்க்யூட் இந்த ஊருக்கானதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எர்த் இன்னொரு கதை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 40 வோல்ட்டுக்கு மேல். பின்னால் போய்ப் பார்த்தால் எர்த் குழி காய்ந்து வெடித்துக் கிடந்தது. "சித்திரையில ரெண்டு குடம் தண்ணி ஊத்துவோம் சார், அப்புறம் சரியாயிரும்" என்றார் வாட்ச்மேன். நோயாளி தொடும் கருவிக்கு இது விளையாட்டு இல்லை. எர்த் சரியில்லாவிட்டால் எக்ஸ்போஷர் (படத்துக்காகக் கதிர் விடுவது) கொடுக்க மறுத்து, காரணத்தைத் திரையில் தமிழில் சொல்கிற ஒரு சிறு சர்க்யூட்டை அன்றே திட்டத்தில் சேர்த்தோம். செலவு சில நூறு ரூபாய்தான்.

2. பயன்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாருக்கு, உடம்பின் எந்தப் பகுதியை, யார் இயக்க, எந்த இடத்தில் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். விளம்பரத்துக்காக எழுதுகிற வாக்கியம் இல்லை இது. உங்கள் கருவி எந்த வகுப்பில் விழும், எந்தச் சோதனை வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் இந்த வாக்கியத்திலிருந்துதான் வரும்.

மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன்படி எல்லாக் கருவியும் ஏ, பி, சி, டி என்ற நான்கு வகுப்பில் ஒன்றில் சேரும். ஏ, பி என்றால் மாநில உரிம அதிகாரி. சி, டி என்றால் டில்லியில் இருக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, சிடிஎஸ்சிஓ. ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். (ஏ வகுப்பில் கிருமிநீக்கம் செய்யாத, எதையும் அளவிடாத கருவிகளுக்கு மட்டும் உரிமம் வேண்டாம், பதிவு போதும்.) இனி "சின்னக் கம்பெனிதானே" என்று யாரும் விடமாட்டார்கள்.

படம் எடுக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து வாசல் மாறும்:

வெறும் வெளிச்சம் என்றால், உதாரணமாக விழித்திரைக் கேமரா, வழி எளிது. ஏ அல்லது பி வகுப்பு; சிடிஎஸ்சிஓ வெளியிட்ட கண் கருவிகள் பட்டியலில் உங்கள் கருவியின் பெயரைத் தேடிப் பாருங்கள். அணுசக்தி அலுவலகம் பக்கமே போகவேண்டாம். முதல் முறை இறங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அல்ட்ராசவுண்ட் என்றால் கருவியைச் செய்வது சுலபம், கொடுப்பதுதான் கஷ்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யாத இடத்துக்கு ஸ்கேன் கருவியை விற்கக் கூடாது, வாடகைக்குத் தரக் கூடாது, இலவசமாகவும் தரக் கூடாது. "ரெண்டு நாள் டெமோவுக்கு வச்சுட்டுப் போங்க தம்பி" என்று டாக்டர் அன்பாகக் கேட்டாலும் அவருடைய பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் வைக்காதீர்கள். தனி கிளினிக்குக்கு அந்தப் பதிவுக் கட்டணமே 25,000 ரூபாய். கையில் தூக்கிப்போகிற சிறிய கருவி என்றால் கெடுபிடி இன்னும் அதிகம்: பதிவு பெற்ற வளாகத்துக்குள்தான் பயன்படுத்தலாம், அல்லது பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ ஊர்தியில். 'ஊர் ஊராகக் கொண்டுபோகலாம்' என்பதுதான் உங்கள் திட்டத்தின் அடிப்படை என்றால் இந்த விதியை இன்றைக்கே படியுங்கள். இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று மதுரை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரே என்றால் இரண்டு வாசல். அயனியாக்கும் கதிர்வீச்சு தருகிற கருவி என்பதால் சி வகுப்பு, அதாவது சிடிஎஸ்சிஓ. கூடவே மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஏஇஆர்பி. ஒன்று கிடைத்தால் இன்னொன்று தானாக வராது.

எங்கள் வாக்கியம் கடைசியில் இப்படி வந்தது: "வயது வந்தவர்களின் நெஞ்சு, கை, கால் ஆகியவற்றை, ஆஸ்பத்திரி வளாகத்துக்குள், பயிற்சி பெற்ற எக்ஸ்ரே டெக்னீசியன் படமெடுப்பதற்கான, சக்கரத்தில் நகரும் கருவி." இதில் இடுப்பு இல்லை, கவனித்தீர்களா? முதலில் இருந்தது. ஏன் எடுத்தோம் என்பது அடுத்த படியில்.

3. மின்சாரக் கணக்கைப் போடுங்கள்

விலை குறைந்த எக்ஸ்ரே கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஒரு நெஞ்சு எக்ஸ்ரேக்கு, கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் தட்டு) இல்லாமல், சுமாராக 100 கிலோவோல்ட்டில் 4 மில்லிஆம்பியர்-விநாடி என்று வையுங்கள். பெருக்கினால் 400 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவே ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். ஆக, மொத்த ஆற்றல் ஒன்றுமே இல்லை. ஆனால் நோயாளி மூச்சைப் பிடித்து அசையாமல் நிற்கிற நேரத்தில், அவர் இதயத் துடிப்பில் படம் கலங்காதபடி, அந்த 400 ஜூலை நூறில் நான்கு பங்கு விநாடியில் கொடுத்தாக வேண்டும். அப்போது அது 10 கிலோவாட். 230 வோல்ட் லைனில் நேராக எடுத்தால் 43 ஆம்பியர், சர்க்யூட்டில் வீணாவது தனி. சுவரில் இருப்பதோ 15 ஆம்பியர் சாக்கெட். லைனில் இருப்பதோ 178 வோல்ட்.

அதனால் நேராக எடுக்காதீர்கள். ஒரு 100 வாட் பல்பு எரிகிற அளவுக்கு மட்டும் லைனிலிருந்து மெதுவாக இழுத்து, கெப்பாசிட்டரிலோ பேட்டரியிலோ சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் எக்ஸ்ரேயை உண்டாக்கும் டியூபுக்குக் கொடுங்கள். இழப்புகளையும் சேர்த்தால் பத்து விநாடிக்குள் அடுத்த படத்துக்குத் தயார். அடுத்த நோயாளி சட்டையைக் கழற்றி நிற்பதற்கே அதைவிட நேரமாகும். லைன் 170 ஆக இருந்தாலும், கரண்டே போனாலும் படம் வரும்.

இனி இடுப்பு. பக்கவாட்டில் இடுப்புப் பகுதி முதுகெலும்பை எடுக்கிற படத்துக்கு 90 கிலோவோல்ட், 80 மில்லிஆம்பியர்-விநாடி என்று போனால் 7,200 ஜூல். நெஞ்சைப் போலப் பதினெட்டு மடங்கு. கெப்பாசிட்டர், இன்வெர்ட்டர், டியூபின் சூடு தாங்கும் திறன் எல்லாம் அதற்கேற்பப் பெருக்கவேண்டும். டியூபுக்குள் போகிற ஆற்றலில் ஏறக்குறைய 99 சதவீதம் வெறும் சூடாகத்தான் போகிறது. 'தென்னை மரத்திலேருந்து விழுந்து வர்றவனுக்கு இடுப்பு எடுக்காம எப்படி தம்பி' என்று ஒரு டாக்டர் கேட்டதும் நாங்கள் தலையை ஆட்டிவிட்டோம். எட்டு மாதம் அதற்கே போனது. பொருள் செலவு எகிறியது. கடைசியில் அந்த ஆஸ்பத்திரியின் ரிஜிஸ்டரை மறுபடி எண்ணிப் பார்த்தோம். பெரும்பாலானவை நெஞ்சும் கை காலும்தான். இடுப்பை வாக்கியத்திலிருந்து எடுத்தோம். டாக்டர் கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். ஆனால் எல்லாவற்றையும் எடுக்கிற கருவி ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. அவரால் வாங்க முடியாத விலையில்.

சூட்டையும் மறக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி. மூடிய பெட்டிக்குள் அதற்கு மேல். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு. சில ரூபாய் மிச்சம் பிடிக்க 85 டிகிரி வகையைப் போடாதீர்கள். 105 டிகிரி வகையே போடுங்கள். ஃபேன் வைத்தால் தூசி, பல்லி, எறும்பு எல்லாம் உள்ளே வரும். முடிந்தவரை ஃபேன் இல்லாமல், அலுமினிய உடம்பே சூட்டை வெளியேற்றும்படி செய்யுங்கள்.

4. எதை வாங்குவது, எதைச் செய்வது

டியூபை வாங்குங்கள். உடம்பைத் தாண்டி வரும் கதிரைப் படமாக மாற்றும் டிடெக்டரை வாங்குங்கள். ஜெனரேட்டர், ஸ்டாண்ட், சாஃப்ட்வேர் மூன்றையும் நீங்களே செய்யுங்கள். எங்கள் கணக்கில் பொருள் செலவில் பாதிக்கு மேல் டியூபும் டிடெக்டரும்தான். அதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு யோசனை வரும்: டிடெக்டருக்குப் பதிலாக ஒளிரும் திரை ஒன்றை வைத்து, பின்னால் ஒரு நல்ல கேமரா வைத்தால் என்ன?

செய்து பார்த்தோம். படம் வந்தது, அழகாகவே வந்தது. ஆனால் திரையிலிருந்து எல்லாப் பக்கமும் சிதறுகிற வெளிச்சத்தில் ஒரு சதவீதம்கூட லென்ஸுக்குள் போய்ச் சேராது. அந்த இழப்பை ஈடுகட்டக் கதிர் அளவைக் கூட்ட வேண்டும். கருவியின் விலை குறைந்ததற்கான விலையை நோயாளியின் உடம்பு கொடுக்கிறது. அந்த வழியைக் கைவிட்டோம். நீங்கள் அதைத் தொடவே வேண்டாம்.

டிடெக்டர் வாங்கும்போது விலைப்பட்டியலோடு இவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: அந்த நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 13485 (மருத்துவக் கருவித் தர நிர்வாகம்) சான்றிதழ், மின்பாதுகாப்புச் சோதனை அறிக்கை, சாஃப்ட்வேர் இணைப்புக்கு வருடாவருடம் பணம் கட்ட வேண்டுமா, உதிரிபாகம் எத்தனை வருடம் தருவார்கள். கடைசி இரண்டுக்கும் ஃபோனில் சொல்லும் பதில் பதில் இல்லை.

படத்தின் அளவையும் கணக்கில் வையுங்கள். 14-க்கு 17 இஞ்சு டிடெக்டர் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 15 எம்பி தரும். மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள, எங்கும் திறக்கக்கூடிய டைகாம் வடிவத்தில் அதைச் சேமித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தகுந்த சின்னப் படத்தையும் கூடவே கொடுங்கள். சின்னப் படத்தில் நோயாளியின் பெயர் தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

5. டியூபுக்குக் கரண்டு கொடுக்கும் முன்

நாங்கள் விழுந்த பெரிய பள்ளம் இது. கருவி தயாரான பிறகு அனுமதி கேட்கலாம் என்று நினைத்திருந்தோம். கதிர்வீச்சுக் கருவியைத் தயாரிப்பதற்கே அனுமதி வேண்டும் என்கின்றன 2004-ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்.

ஷெட்டை வாடகைக்குப் பிடிக்கும் முன்பே யோசிக்க வேண்டியது சுவர். ஏஇஆர்பி-யின் பாதுகாப்புக் கோவைப்படி நேர்க்கதிர் விழும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல், சிதறிய கதிர் மட்டும் விழும் சுவர் 23 சென்டிமீட்டர் செங்கல், கதவுக்கு 1.7 மில்லிமீட்டர் ஈயத் தகடு. 23 என்றால் நம் ஒன்பது இஞ்சுச் சுவர்தான். பழைய வீடுகளில் தானாகவே இருக்கும். எங்கள் ஷெட் தகரம். உள்ளேயே ஒரு செங்கல் அறை கட்டினோம். ஷெட்காரரிடம் சம்மதம் வாங்குவது, கொத்தனார், ஈயத் தகடு, கதவு எல்லாமாக இரண்டரை மாதம் ஓடியது.

அப்புறம் ஆள். கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி என்று தகுதியுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், மேலே பட்ட கதிர் அளவைக் காட்டும் டிஎல்டி பேட்ஜ். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி மாற்ற வேண்டும். வேலை செய்பவர்களுக்கான வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், பொதுமக்களுக்கு 1. பக்கத்து ஷெட் லேத் பட்டறைக்காரர் பொதுமக்கள் கணக்கு என்பதை மறக்காதீர்கள். விண்ணப்பம் எல்லாம் ஏஇஆர்பி-யின் இ-லோரா என்ற இணையத்தளத்தில். பான், நிறுவனப் பதிவு, அறை வரைபடம், பாதுகாப்பு அதிகாரியின் சான்றிதழ்கள் ஸ்கேன் செய்து தயாராக இருக்கட்டும்.

சிடிஎஸ்சிஓ பக்கம், சோதனைக்காக மட்டும் செய்துகொள்ளும் உரிமம் ஒன்று உண்டு. எம்டி-12 என்ற படிவத்தில் கேட்க வேண்டும், எம்டி-13-ஆகக் கிடைக்கும். கட்டணம் கருவி ஒன்றுக்கு 500 ரூபாய்தான். இந்த உரிமத்தில் செய்த கருவியை விற்கக் கூடாது. ஒரு ஆஸ்பத்திரி ஆசைப்பட்டு முன்பணம் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சோதனைக்கு மனிதர் வேண்டாம். உங்கள் சொந்தக் கையும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கருவி முதன்முதல் வேலை செய்யும்போது கையை நீட்டத் தோன்றும், தெரியும். எங்கள் முதல் நோயாளி நெல்பேட்டையில் வாங்கிய ஆட்டுக்கால். எலும்பு, மூட்டு, தசை எல்லாம் தெளிவாக வந்தது. எக்ஸ்ரே பட்ட கறியில் கதிர்வீச்சு தங்காது என்று எவ்வளவு சொல்லியும் யாரும் அதைச் சூப் வைக்கச் சம்மதிக்கவில்லை.

6. ஃபைலை முதல் நாளே திறங்கள்

பக்க எண் அச்சிட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். அன்றன்று என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வாங்கிய பாகத்தின் பில், பேட்ச் எண் எல்லாம் ஒரு ஃபைலில். கடைசியில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. எந்த ரெசிஸ்டரை எப்போது மாற்றினோம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

ஆபத்துப் பட்டியல் ஐஎஸ்ஓ 14971 முறையில், சாஃப்ட்வேர் ஐஇசி 62304 முறையில் இருக்க வேண்டும். பெயர்கள் மிரட்டும், உள்ளே இருப்பது பொது அறிவுதான். எலி கேபிளைக் கடித்தால்? பட்டன் அழுத்தியபடியே மாட்டிக்கொண்டால்? கரண்டு நடுவில் போய் வந்தால்? ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள், அது வேலை செய்கிறதென்று எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுத வேண்டும். டெக்னீசியனையும் நர்ஸையும் கூடவே உட்காரவைத்து இந்தப் பட்டியலைப் போடுங்கள். எலி எங்களுக்குத் தோன்றியதல்ல; அவர்கள் சொன்னது.

காப்புரிமை எடுக்க எண்ணமிருந்தால் எந்தக் கண்காட்சியிலும் காட்டும் முன் தாக்கல் செய்துவிடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். தற்காலிக விவரணம் கொடுத்தால் முழு விவரணத்துக்கு 12 மாத அவகாசம்.

7. பணம்

சொந்தப் பணத்தில் மாதிரி வரை போகலாம், லேப் சோதனை வரை போக முடியாது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப உதவி அமைப்பான பைராக் தரும் 'பிக்' மானியம் அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய், 18 மாதத் திட்டத்துக்கு. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் வழியாக டான்சீட் ஆதார நிதியும் உண்டு. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம். 'எடுத்துத் தருகிறோம், ஐயாயிரம்' என்று வருகிற ஏஜென்டுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் நடுவர்களைக் கவர்ந்தது எங்கள் சர்க்யூட் இல்லை. பத்து நாள் எடுத்த வோல்டேஜ் அட்டவணைதான்.

8. லேப் சோதனை

மின்பாதுகாப்புக்கு ஐஇசி 60601-1, மின்காந்தப் பொருத்தத்துக்கு 60601-1-2, எக்ஸ்ரேயின் கதிர்ப் பாதுகாப்புக்கு 60601-1-3, எக்ஸ்ரே படக்கருவிகளுக்கென்றே 60601-2-54. மத்திய அரசின் சோதனைக்கூடங்களான சென்னை சமீர், எஸ்டிகியூசி-யின் லேப், விசாகப்பட்டினத்தில் மருத்துவக் கருவித் தொழில் பூங்காவான ஏஎம்டிஇசட் வளாகம் ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். லேபின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். உங்களுக்கு வேண்டிய அதே தர எண், லேப்களை அங்கீகரிக்கும் என்ஏபிஎல் வாரியம் அவர்களுக்குக் கொடுத்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். ஒரு லேபில் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு, அறிக்கை வந்தபோது ஒரு பகுதி அங்கீகார வரம்புக்குள் இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் மறுபடி பணம், மறுபடி காத்திருப்பு.

குட்டி யானையில் கருவியை ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனோம். முதல் நாள் காலை பதினொரு மணிக்கே தோல்வி. இன்வெர்ட்டரிலிருந்து மெயின்ஸ் வயருக்குத் திரும்பும் இரைச்சல் வரம்பைத் தாண்டியது. கையில் மாற்று ஃபில்டர் இல்லை. பேக் செய்து திரும்பினோம். அடுத்த தேதி கிடைக்க ஏழு வாரம். இரண்டாவது முறை மூன்று வகை ஃபில்டர், ஃபெரைட் வளையங்கள், செம்புப் பட்டை, சால்டரிங் அயர்ன், ஒரு முழு ஸ்பேர் போர்டு எல்லாம் கொண்டுபோனோம். அங்கேயே மாற்றி அன்றே தேறினோம். போகும் முன் உங்கள் ஷெட்டிலேயே மெயின்ஸ் இரைச்சலை ஒருமுறை அளந்துவிடுங்கள். அளக்கும் பெட்டியைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேபில் கடிதம் கொடுத்துக் கேட்கலாம்.

முக்கியமான சில வரம்புகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: தொடும் இடத்தில் கசியும் மின்சாரம் சாதாரண நிலையில் 0.1 மில்லிஆம்பியருக்குள், டியூப் உறையிலிருந்து கசியும் கதிர் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிரேக்குள், நகரும் கருவியில் எக்ஸ்போஷர் பட்டனின் வயர் குறைந்தது 2 மீட்டர்.

9. ஆஸ்பத்திரிச் சோதனை

நோயாளிகளிடம் போகும் முன் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும்; ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுதான். ஆராய்ச்சித் திட்டம், தமிழில் ஒப்புதல் படிவம், காப்பீடு, பொறுப்பு டாக்டரின் விவரக் குறிப்பு எல்லாம் கேட்பார்கள். ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். எங்கள் முதல் படிவத்தை ஒரு பாட்டி வாசித்துவிட்டு, "இது பத்திரமா தம்பி? எங்க கையெழுத்துப் போட்டா நெலம் போயிருமா?" என்று கேட்டார். திரும்ப எழுதினோம்.

ஏற்கெனவே சந்தையில் இருக்கிற கருவிக்கு இணையானது என்று ஆவணங்களால் காட்ட முடிந்தால், பெரிய அளவில் மருத்துவ ஆய்வு தேவைப்படாமல் போகலாம். எக்ஸ்ரேக்கு இணைக் கருவிகள் நிறைய உண்டு. புதிதாக எதையாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் முன் இதை யோசியுங்கள்.

10. உரிமம், விற்பனை

சி வகுப்புக்கு எம்டி-7 விண்ணப்பம், எம்டி-9 உரிமம். கட்டணம் உற்பத்தி இடத்துக்கு 50,000 ரூபாய், கருவி ஒன்றுக்கு 1,000. அதுவே ஏ, பி வகுப்பு என்றால் 5,000-உம் 500-உம்தான். இடத்தைப் பற்றி ஒரு கோப்பு, கருவியைப் பற்றி ஒரு கோப்பு, லேப் அறிக்கைகள், எம்டி-13 நகல் ஆகியவற்றோடு போட வேண்டும். நேரில் வந்து ஷெட்டைப் பார்ப்பார்கள். ஏஇஆர்பி-யிடம் தனியாக அந்த மாடலுக்கு வகை ஒப்புதல் வாங்கிய பிறகே விற்கலாம். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். ஒன்று முடியட்டும் என்று காத்திருந்ததில் எங்களுக்கு ஐந்து மாதம் போனது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர் மேல் முதல் வருஷமே கண் வைக்காதீர்கள். பெரிய டெண்டர்களில் முந்தைய ஆண்டுகளின் வரவு செலவு, முன்பு சப்ளை செய்த சான்று எல்லாம் கேட்பார்கள். முதல் ஐந்து கருவிகளைத் தனியார் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் அறக்கட்டளை ஆஸ்பத்திரிகளுக்கும் கொடுங்கள். வாங்குகிறவரும் இ-லோராவில் பதிவு செய்து, அறை வரைபடம் கொடுத்து, தரச் சோதனை முடித்துப் பதிவுச் சான்று வாங்கிய பிறகுதான் நோயாளியைப் படமெடுக்கலாம். அந்த வேலையை அவர்களால் செய்ய முடியாது. நீங்கள்தான் உட்கார்ந்து பூர்த்தி செய்து தருவீர்கள். விலையில் அதற்கு நாலு நாள் கூலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனையும் உண்டு.

சர்வீஸை விலை சொல்லும் அன்றே பேசிவிடுங்கள். உடையக்கூடியது எது என்று எங்களுக்கு இப்போது தெரியும்: சக்கரம், பட்டன் வயர், ஃபியூஸ், கொலிமேட்டர் (கதிர் விழும் பரப்பை வரையறுக்கும் பெட்டி) பல்பு. நான்கும் அடங்கிய ஒரு டப்பாவைக் கருவிக்குள்ளேயே வைத்து, மாற்றும் விதத்தைத் தமிழில் படம் போட்டு மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். டப்பா காலியானால் ஃபோன் வரும். ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் டெக்னீசியன் அக்கா பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வார்.